மீட்டர் போர்டில் மஞ்சள் விளக்கு... வேலூர் - ஆம்பூர் சாலை சொல்லும் சேதி!

விடிவதற்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போதே வேலூர் - ஆம்பூர் நெடுஞ்சாலையில் பிக்கப் வண்டிகள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. இலவம்பாடிப் பக்கமிருந்து முள் கத்தரிக்காய் மூட்டைகள், குடியாத்தத்திலிருந்து தேங்காய், ஆந்திர எல்லையில் உள்ள வி.கோட்டாவிலிருந்து பேர்ணாம்பட்டு மலைப்பாதை வழியாக இறங்கும் தக்காளிப் பெட்டிகள் என்று எல்லாம் வேலூர் நேதாஜி மார்க்கெட்டையும் உழவர் சந்தைகளையும் நோக்கிப் போகின்றன. எதிர்த் திசையில் உப்பு போட்ட பச்சைத் தோல் ஏற்றிய வண்டிகள் ஆம்பூர், வாணியம்பாடி தோல் கூடங்களுக்குப் போகின்றன. கத்தரிக்காய்க்கும் தோலுக்கும் இங்கே ஒரே சாலை. பல சமயம் ஒரே மாதிரியான வண்டி.

அந்த வண்டிதான் இன்றைக்குப் பல சிறு விவசாயக் குடும்பங்களின் பெரிய சொத்து. நிலத்துக்கு அடுத்தபடியாகக் கடன் வாங்கி வாங்கியது. மாதா மாதம் தவணை கட்டவேண்டியது. கத்தரிக்காயைப் பறித்து ஏற்றிய பிறகு, மீட்டர் போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து, மேட்டில் வண்டி இழுக்காமல் நின்றால், அன்றைய காய் அழுகும். அடுத்த தவணையும் தள்ளிப்போகும். 'டீசல் இருக்கு, ஆயில் இருக்கு, ரேடியேட்டர்ல தண்ணி இருக்கு. அப்புறம் எதுக்கு இந்த விளக்கு?' என்பதுதான் புதிய பிக்கப் வைத்திருக்கும் விவசாயிகள் பலரும் கேட்கும் கேள்வி. பதில், வண்டியின் பின்னால் இருக்கும் சைலன்சரில் இருக்கிறது.

2020-க்குப் பிறகு என்ன மாறியது?

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்-6 வண்டிகள் மட்டுமே புதிதாகப் பதிவு செய்யப்படுகின்றன. அதற்கு முன்பு இருந்தது பி.எஸ்-4. நடுவில் இருந்த ஐந்தாம் படியைத் தாண்டி, நேரே ஆறாம் படிக்கு அரசு போனது. டீசலும் மாறியது. முன்பு 10 லட்சம் பங்கு டீசலில் 50 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். இப்போது 10 பங்குதான்.

பழைய பிக்கப்பில் சைலன்சர் என்பது சத்தத்தைக் குறைக்கும் ஒரு குழாய். புதிய பிக்கப்பில் அது ஒரு சிறிய சுத்திகரிப்பு நிலையம். புகையைக் கட்டுப்படுத்த வண்டியில் மூன்று வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, டி.பி.எஃப் எனப்படும் கரி வடிகட்டி. தேன்கூடு போலச் சிறு சிறு அறைகள் கொண்ட பீங்கான் கட்டை. புகையில் வரும் கரியை இது பிடித்து வைக்கும். சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்.

இரண்டாவது, இ.ஜி.ஆர் வால்வு. புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பி, எரியும் சூட்டைக் குறைக்கும். அதனால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு குறைவாக உருவாகும்.

மூன்றாவது, எஸ்.சி.ஆர். சில மாடல்களில் மட்டும் இருக்கும். தனித் தொட்டியிலிருந்து 'டெஃப்' என்ற யூரியாக் கரைசலைப் புகையில் பீய்ச்சும். சூட்டில் யூரியா அம்மோனியாவாக மாறும். அம்மோனியா அந்த நச்சு வாயுவுடன் சேர்ந்து, அதைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும். நெல் வயலில் யூரியா போட்ட மறுநாள் மூக்கில் ஏறும் அதே வாடைதான் அம்மோனியா.

தங்கள் வண்டியில் இந்த மூன்றில் எவை இருக்கின்றன என்பதை, வண்டியுடன் கொடுத்த கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல நிற மூடி ஒன்று இருந்தால், அந்த வண்டிக்கு டெஃப் தேவை என்று அர்த்தம்.

பொய்கை: குறுகிய ஓட்டமும் அடைக்கும் கரியும்

வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் வழியில் பொய்கை. செவ்வாய்க்கிழமை தோறும் கூடும் இந்த ஊர் மாட்டுச் சந்தை சுற்று வட்டாரத்தில் பேர் பெற்றது. கறவை மாடும் கன்றும் ஏற்றிய பிக்கப்புகள் வரிசை கட்டி நிற்கும். இங்கே வரும் வண்டிகள் பலவற்றின் வாரம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே, கரி வடிகட்டி ஏன் அடைக்கிறது என்பது புரிந்துவிடும்.

வீட்டிலிருந்து கொல்லைக்கு இரண்டு கிலோமீட்டர். கொல்லையிலிருந்து பால் சொசைட்டிக்கு மூன்று கிலோமீட்டர். அங்கிருந்து தீவனக் கடைக்கு. எல்லாம் இரண்டாவது, மூன்றாவது கியரில். நடுவில் இன்ஜினை அணைக்காமலே பத்து நிமிடம் நின்று பேச்சு. இப்படி ஓடும் வண்டியில் புகை சூடேறவே ஏறாது. வடிகட்டியில் சேர்ந்த கரி தானாக எரிய, புகையின் சூடு 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகவேண்டும். அது போதாதபோது வண்டியே கூடுதலாக டீசல் பீய்ச்சி, வடிகட்டியின் சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றிக் கரியை எரிக்கும். இதை 'ரீஜெனரேஷன்' என்கிறார்கள். அது முடிவதற்குள் வீடு வந்துவிட்டது என்று சாவியைத் திருப்பினால், வேலை பாதியில் நிற்கும். நான்கைந்து முறை இப்படி நடந்தால் விளக்கு எரியும்.

இந்த விளக்கு, குழாயின் நடுவில் ஒரு பெட்டி, அதற்குள் புள்ளிகள் என்ற படமாக இருக்கும். இது மட்டும் மஞ்சளாக நிலையாக எரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. நெடுஞ்சாலையில் ஏறி, 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல், 20 முதல் 30 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். ஒரு கியர் குறைவாக ஓட்டினால் இன்ஜின் சுற்று கூடும். சூடும் சீக்கிரம் ஏறும். வேலூரிலிருந்து ஆம்பூர் சுமார் 50 கிலோமீட்டர். அந்தப் பக்கம் லோடு இருக்கும் நாளில் ஒரே ஓட்டமாகப் போய்வந்தால், தனியாக டீசல் செலவழிக்காமலே வடிகட்டி சுத்தமாகும். கிராமத்துக்குள்ளேயே ஓடும் வண்டியை வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி ஓட்டுவது நல்லது.

விளக்கு விட்டு விட்டு எரிந்தாலோ, கூடவே இன்ஜின் படம் போட்ட விளக்கும் எரிந்தாலோ, வண்டி இழுக்காமல் போனாலோ ஓட்டி எரிக்கப் பார்க்கக் கூடாது. கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டி, நிறுத்திய நிலையிலேயே எரிப்பார்கள். இந்தக் கட்டத்திலும் தள்ளிப்போட்டால் வடிகட்டியையே மாற்றவேண்டி வரும். ஒரு போக வெள்ளாமையின் லாபம் அதிலேயே போய்விடும்.

வைக்கோல் போர் பக்கம் வேண்டாம்!

கரி எரியும் நேரத்தில் வண்டியே சில அடையாளங்களைக் காட்டும். நின்றிருக்கும்போது இன்ஜின் சத்தம் வழக்கத்தைவிடக் கூடும். சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும். வண்டிக்கு அடியிலிருந்து சூட்டு வாடை வரும். அந்த நேரத்தில் வடிகட்டி இருக்கும் இடம், அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லைவிடச் சூடாக இருக்கும்.

மாட்டுச் சந்தையில் வைக்கோல் பரப்பிய இடம், களத்தில் உலரும் நிலக்கடலைக் கொடி, கரும்புச் சோகை, கோடையில் காய்ந்த புல் தரை ஆகியவற்றின் மேல் அப்போது வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கீற்றுக் கொட்டகைக்குள்ளும் நிறுத்தக் கூடாது. வெறும் மண் தரையிலோ தார்ச் சாலை ஓரத்திலோ நிறுத்தி, பிள்ளைகளையும் கால்நடைகளையும் தள்ளி வைக்க வேண்டும். பழைய வண்டியில் பார்க்கவேண்டி இல்லாத விஷயம் இது. அதனால்தான் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைப்பது அவசியம்.

விரிஞ்சிபுரம், பள்ளிகொண்டா: மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பு

பொய்கைக்கு அடுத்து விரிஞ்சிபுரம். இங்குள்ள மார்க்கபந்தீஸ்வரருக்கு வழித்துணைநாதர் என்றும் பெயர். மிளகு வியாபாரி ஒருவருக்கு வழித்துணையாக இறைவனே வந்தார் என்பது தலபுராணம். வியாபாரத்துக்காக மூட்டை ஏற்றிப் போகிறவர்கள் நெடுங்காலமாகவே நடந்த வழி இது. அங்கிருந்து மேற்கே போனால் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி. பக்கத்தில் அணைக்கட்டு வட்டாரத்தில்தான் இலவம்பாடி இருக்கிறது. இந்தப் பகுதியில் விளையும் வேலூர் முள் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விலைக்குப் போகிற காய்; பறித்த அன்றே சந்தை சேர்ந்தால்தான் அந்த விலை.

இப்படி நேரம் பார்த்து ஓடும் வண்டியில் விளக்கு எரிந்தால், மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன் விவசாயியே பார்க்கக்கூடியவை ஐந்து இருக்கின்றன. இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும்.

1. எலி. மாட்டுக்கொட்டகை, தானியக் குதிர் பக்கத்தில் நிற்கும் வண்டியில் எலி ஏறி ஒயரைக் கடிப்பது சகஜம். சைலன்சர் மேலிருக்கும் சென்சார்களின் ஒயர் அறுந்தாலும் அதே விளக்குதான் எரியும். வடிகட்டியில் ஒரு கோளாறும் இருக்காது.

2. மெல்லிய இரண்டு குழாய்கள். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இருந்து ஒரு சென்சாருக்குப் போகும். இரு பக்க அழுத்தத்தையும் ஒப்பிட்டுத்தான் 'அடைத்துவிட்டது' என்று வண்டி முடிவு செய்கிறது. இந்தக் குழாய் வெடித்தாலோ கழன்றாலோ தவறான எச்சரிக்கை வரும்.

3. ஏர் பில்டர். செம்மண் சாலைத் தூசியில் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் சொன்ன நாளுக்கு முன்பே அடைத்துவிடும். காற்றுக் குறைந்தால் டீசல் சரியாக எரியாது, கரி அதிகமாகும், வடிகட்டி சீக்கிரம் நிறையும்.

4. இன்ஜின் ஆயில். அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால், ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருக்கிறதா? ஆயில் குறைவதுதான் வழக்கம். ஏறுகிறது என்றால் டீசல் அதில் கலக்கிறது. ரீஜெனரேஷன் பாதியில் நிற்கும் வண்டிகளில் இப்படி ஆகும். நீர்த்துப்போன ஆயிலுடன் ஓட்டினால் இன்ஜினுக்கே கேடு. உடனே மாற்ற வேண்டும்.

5. சைலன்சர் வாய். ஆறிய பிறகு விரலை உள்ளே விட்டுத் துடைத்துப் பார்க்கலாம். வடிகட்டி நல்ல நிலையில் உள்ள பி.எஸ்-6 வண்டியில் கரி ஒட்டாது என்றே சொல்லலாம். விரல் கறுப்பானால், வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது யாரோ எடுத்துவிட்டார்கள்.

ஆயில் விஷயத்தில் இன்னொன்று. டிராக்டருக்கு வாங்கிய ஆயில் டின்னில் மீதி இருக்கிறதே என்று பிக்கப்பிலும் ஊற்றிவிடுகிறார்கள். கரி எரிந்துவிடும், ஆனால் ஆயிலில் உள்ள உலோக உப்புகளின் சாம்பல் எரியாது. அது வடிகட்டியின் அறைகளில் தங்கிக்கொண்டே போகும். அதனால்தான் சாம்பல் குறைந்த தனி ரக ஆயிலைக் கையேட்டில் குறிப்பிட்டிருப்பார்கள். 50 குதிரைத்திறனுக்குக் குறைந்த டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் இந்த வடிகட்டி கிடையாது. அதற்குச் சரியான ஆயில், பிக்கப்புக்குச் சரியில்லை. பம்புசெட்டுக்காகப் பேரலில் பிடித்து வைத்த பழைய டீசலும் அப்படித்தான். தண்ணீரும் தூசியும் கலந்த டீசல் இன்ஜெக்டரைக் கெடுக்கும். கெட்ட இன்ஜெக்டர் கரியைக் கூட்டும்.

பேர்ணாம்பட்டு மலைப்பாதை: புகையின் நிறம்

வி.கோட்டாவிலிருந்து பேர்ணாம்பட்டுக்கு வரும் சாலை வளைந்து வளைந்து மலையில் இறங்குகிறது. தக்காளி ஏற்றி இறங்குவது சுலபம். காலிப் பெட்டியும் தீவன மூட்டையும் ஏற்றித் திரும்ப ஏறும்போதுதான் வண்டியின் நிலை தெரியும். இந்த ஏற்றத்தில் பின்னால் வரும் புகையின் நிறத்தைக் கண்ணாடியில் பார்த்தாலே பாதி விவரம் கிடைத்துவிடும். வடிகட்டி இல்லாத பழைய பி.எஸ்-3, பி.எஸ்-4 வண்டிகளுக்கு இந்தக் கணக்கு ரொம்பவே உதவும்.

கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகமாகப் போகிறது. ஏர் பில்டர், டர்போ குழாயில் விரிசல், இன்ஜெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் 'உஸ்ஸ்' என்ற சத்தத்துடன் இழுவை குறைந்தால் டர்போ குழாயில்தான் முதல் சந்தேகம்.

நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. டர்போ அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

வெள்ளைப் புகை காலையில் சிறிது நேரம் வந்து நின்றால் கவலையில்லை. சூடான பிறகும் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். வண்டியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது.

இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்குக்கு மட்டும் காரணம் கண்ணால் தெரியாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனர் மாட்டினால் ஒரு எண் வரும். பி 2463 என்றால் வடிகட்டியில் கரி அதிகம். பி 2002 என்றால் வடிகட்டி சரியாக வடிகட்டவில்லை. பி 0401 என்றால் இ.ஜி.ஆர் வழியாகப் புகை போதுமான அளவு போகவில்லை. பெரும்பாலும் கரி பிடித்திருக்கும், கழற்றிச் சுத்தம் செய்யலாம். பி 20இஇ என்றால் எஸ்.சி.ஆர் வேலை குறைந்திருக்கிறது. எந்த எண் வந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எண்ணை அழித்து விளக்கை அணைத்துக் கொடுப்பது பழுது பார்ப்பது ஆகாது. காரணம் இருக்கும்வரை விளக்கு மறுபடி வரும்.

ஆம்பூர்: தோல் ஏற்றிய வண்டியை வாங்கும்போது

ஆம்பூருக்குள் நுழைந்தால் காலணித் தொழிற்சாலைகள், ஷிப்ட் பேருந்துகள், பிரியாணிக் கடைகள். ஊர் சிறியது, இங்கே தைத்த ஷூக்கள் கடல் தாண்டிப் போகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்தத் தொழில் பரவியிருக்கும் ஊர்களில் செகண்ட் ஹேண்ட் பிக்கப்புகள் விலைக்கு வருவதும் அதிகம். விலை குறைவாக இருக்கிறது என்று விவசாயிகள் வாங்கவும் செய்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டுத்தான் ஏற்றுவார்கள். அதிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சேசிஸ், சைலன்சர், சென்சார் ஒயர்கள் மேல் விழும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் துரு தின்றிருக்கும். சைலன்சர் இணைப்பில் சிறு ஓட்டை இருந்தால்கூட வெளிக்காற்று நுழைந்து சென்சார்கள் தப்பாகக் கணக்குச் சொல்லும். விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கும், காரணம் பிடிபடாது.

அதனால் வாங்கும் முன் வண்டியைப் பள்ளத்தில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். சைலன்சரின் வளையும் இணைப்பு, கிளாம்புகள், ஒயர் சாக்கெட்டுகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவியைப் போட்டதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒரு முறை எரிந்து பிறகு அணைய வேண்டும். ஒன்று எரியவே இல்லை என்றால், அதன் இணைப்பைத் துண்டித்திருக்கலாம். ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதற்கு ஆகும் சிறிய செலவைப் பார்த்துத் தயங்கக் கூடாது.

நீல மூடிக்குள் வயல் யூரியா வேண்டாம்

டெஃப் என்பது 32.5 சதவிகிதம் யூரியாவும் மீதி தாது உப்பு நீக்கிய தண்ணீரும் கலந்த கரைசல். 100 லிட்டர் டீசலுக்குச் சுமார் 3 முதல் 5 லிட்டர் செலவாகும். தீர்ந்துபோனால் முதலில் விளக்கு, பிறகு இழுவைக் குறைவு. கடைசியில், ஒரு முறை அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

'யூரியாவும் தண்ணியும்தானே? நம்ம வீட்டிலேயே மூட்டை இருக்கே!' என்று தோன்றுவது இயல்பு. 45 கிலோ மூட்டை, அரசு மானியத்தால் 300 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கிறது. ஆனால், அதைக் கரைத்து ஊற்றினால் மூன்று கேடுகள் வரும்.

ஒன்று, 2015 முதல் வயல் யூரியா வேப்ப எண்ணெய் பூசித்தான் வருகிறது. மண்ணில் மெதுவாகக் கரைய உதவும் அந்த எண்ணெய், எஸ்.சி.ஆர் இன்ஜெக்டரின் நுண்ணிய துளையை அடைக்கும். இலைவழித் தெளிப்பில் அதிகமானால் இலை நுனியைக் கருக்கும் பையூரெட் என்ற பொருளும் வயல் யூரியாவில் கூடுதலாக இருக்கலாம்.

இரண்டு, தண்ணீர். தோல் கழிவின் உப்பு இறங்கிய இந்தப் பகுதியில் பல கிணறுகளின் தண்ணீர், பாத்திரத்தில் காய்ச்சினாலே வெள்ளைப் படிவம் விடும். அந்த உப்பு எஸ்.சி.ஆர் கட்டையில் படிந்தால், கழுவி எடுக்க முடியாது. கட்டையையே மாற்ற வேண்டும். தெளிவாகத் தெரியும் கேன் தண்ணீரும் இதற்கு ஆகாது.

மூன்று, சட்டம். மானிய யூரியாவை விவசாயம் தவிர வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் 1985-ம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். பயிருக்கு மேலுரம் போடும் வாரத்தில் சொசைட்டியில் யூரியா கிடைக்காமல் அலைகிற விவசாயிக்கு, அது வேறு வழியில் போவதன் வலி தெரியும்.

டெஃப் வாங்கும்போது ஐ.எஸ்.ஓ 22241 என்ற தரக் குறியீடும் தயாரித்த தேதியும் பார்க்க வேண்டும். 30 டிகிரி சூட்டுக்குள் வைத்தால் ஓராண்டு தாங்கும். 35 டிகிரியில் ஆறு மாதம்தான். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், தகரக் கொட்டகையில் கேனை வைத்தால் அதற்கும் முன்பே கெடும். தேவைக்கு மட்டும் வாங்கி, நிழலில் வைப்பது நல்லது. மருந்து அடித்த கேன், எண்ணெய் எடுத்த புனலை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. தவறி டெஃபை டீசல் தொட்டியிலோ, டீசலை டெஃப் தொட்டியிலோ ஊற்றிவிட்டால் சாவியையே போடாமல், வண்டியைக் கட்டி இழுத்துக் கொண்டுபோக வேண்டும்.

'எடுத்துடலாம்ண்ணா' என்று சொன்னால்...

'அண்ணா, இந்த பில்டரையே எடுத்துடலாம். உள்ளே காலியாக்கி வெல்டிங் வெச்சிட்டு, கம்ப்யூட்டர்ல விளக்கையும் ஆஃப் பண்ணிட்டா வேலை முடிஞ்சுது. மைலேஜும் கூடும்' என்ற யோசனை விவசாயிகளின் காதுக்கும் வருகிறது. தவணை கட்டும் கவலையில் இருப்பவருக்கு அது சுலபமான வழியாகத் தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, இப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். புகை விதிகளை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை தனி அபராதம் உண்டு. வாரண்டி போகும். விற்கும்போது விலையும் போகும்.

ஆனால், சட்டத்தைவிடப் பெரிய காரணம் இந்தச் சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தில் உற்பத்தியாகி 348 கிலோமீட்டர் ஓடும் பாலாறு, அதில் 222 கிலோமீட்டரைத் தமிழ்நாட்டில் ஓடுகிறது. பெரும்பாலான மாதங்களில் மணல்தான் தெரியும். ஆனால், அந்த மணலுக்கு அடியில் ஊறிய தண்ணீரை நம்பித்தான் இரு கரையிலும் கிணற்றுப் பாசனம் நடந்தது. தோல் பதனிடும் கூடங்கள் கழிவு நீரைச் சுத்திகரிக்காமல் வெளியே விட்டன. சுத்திகரிப்பு அன்றைக்கு 'வீண் செலவாக'த் தெரிந்தது. தென்னை காய்ப்பு குறைந்தது, நெல் வயலில் உப்பு பூத்தது, கிணற்றைக் கைவிட்டார்கள்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது அந்தத் தீர்ப்புதான். தோல் கூடங்களுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள்; நிலத்தின் இழப்பைக் கணக்கிட ஒரு ஆணையமும் அமைக்கச் சொன்னார்கள். பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. ஆனாலும், முழுத் தீர்வு வரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பிரச்னையில் மறுபடியும் உத்தரவு போடவேண்டி வந்தது. முதல் வழக்குப் போட்டு 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் சில கிணறுகளில் உப்பு அப்படியே இருக்கிறது.

கழிவுக் குழாயின் வாயில் வைக்கவேண்டிய வடிகட்டியைச் செலவு என்று ஒதுக்கினால், அந்தச் செலவு வேறு யார் தலையிலோ பல மடங்காக விழும் என்பதை இந்தப் பகுதி விவசாயிகள் தங்கள் நிலத்திலேயே பார்த்தவர்கள். பிக்கப்பின் கரி தோல் கழிவு அளவுக்குப் பெரியது அல்ல. ஆனால், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் வண்டியின் பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து வரும் கூலியாட்களும், சந்தைக்குள் வண்டிக்குப் பக்கத்தில் கடை விரிக்கும் பெண்களும்தான்.

வாணியம்பாடி வரை போய்வர ஒரு சீட்டு

ஆம்பூரைத் தாண்டி 17 கிலோமீட்டரில் வாணியம்பாடி. தமிழ்நாட்டுக்குள் பாலாறு நுழையும் பகுதியும் இந்தப் பக்கம்தான். இந்தச் சாலையில் ஓடும் விவசாயி ஒவ்வொருவரும், ஒரு சிறு அட்டையில் கீழ்க்கண்டவற்றை எழுதி வண்டியில் ஒட்டி வைக்கலாம். வண்டியை வேறு யாராவது எடுத்துப் போகும் நாளிலும் உதவும்.

சிவப்பு விளக்கு எதுவாக இருந்தாலும் ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும்.

புள்ளிப் பெட்டி விளக்கு மட்டும் மஞ்சளாக நிலையாக எரிந்தால், நெடுஞ்சாலையில் 20 முதல் 30 நிமிடம் ஓட்ட வேண்டும். அணையாவிட்டால் அன்றே சர்வீஸ்.

விட்டு விட்டு எரிந்தால், அல்லது இழுவை குறைந்தால், லோடு ஏற்றாமல் மெதுவாக அருகில் உள்ள சர்வீஸுக்கு.

டெஃப் விளக்கு எரிந்தால், சீல் வைத்த கேன் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீரும் மூட்டை யூரியாவும் கூடாது.

கடைசியாக ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் ரகம், ஸ்கேனரில் வந்த எண்.

விளக்கு முதலில் எரிந்த நாளும் அன்று எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பதும் இந்த அட்டையில் இருந்தால், மெக்கானிக் அனுமானத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்க வேண்டியிருக்காது. கத்தரிக்காய்க்குப் பூச்சி வந்த தேதியை எழுதி வைக்கும் அதே நோட்டில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.